சாம்பலில் ஆறிய இரும்பு

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தக் காங்கேசன்துறைப் பட்டறையில் வெல்டிங் செய்த இரும்பை அவசரத்துக்குத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். சட்டென்று குளிர்ந்த இரும்பு கண்ணாடிபோல் முறியும் என்று மாலை உலோகவியல் வகுப்பில் படித்தேன். "சாம்பலில் மெல்ல ஆறவிடுங்கள். முறிந்தால் வேலையை விடுகிறேன்" என்றேன்.

"வகுப்புக்குப் போயிட்டு எங்களுக்குப் படிப்பிக்க வாறியோ?" என்றார் முதலாளி ஜெறோம் அண்ணை.

இன்று தண்ணீரில் ஒன்றும் சாம்பலில் ஒன்றுமாக ஆறவைத்த இரண்டு துண்டையும் அவரே சுத்தியலால் அடித்தார். தண்ணீரில் போட்டது இரண்டானது. என்னுடையது வளைந்ததே தவிர முறியவில்லை!

"ஓமடாப்பா, நீ வெண்டிட்டாய்" என்று தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டார்.

மட்டக்களப்பிலிருந்து வரும் பஸ்ஸில், தீப்பொறி தாங்கும் தடித்த சட்டை இரண்டு அனுப்பிவிடுங்கள். ஞாயிறு பட்டறை பூட்டு. அன்று போனில் கொஞ்சம் நீளமாகக் கதையுங்கள்.

வாசலில் படகுக்காரர் நிற்கிறார்கள். இனி என் கையால்தான் வெல்டிங் வேண்டுமாம். போகிறேன்.

மகன்,
கோபிசங்கர்