இடிப்பவரும் இருமுபவரும்

கராஜின் மேல்தட்டில் கிடந்த நீலப் பெட்டியை இன்று காலை இறக்கினேன். வெறும் பெட்டிக்கு ஏன் இந்தக் கனம் என்று திறந்து பார்த்தால், உள்ளே நம் குட்டி ரைஸ் குக்கர். ஐரோப்பிய பிளக்குக்கான அடாப்டர் அதன் வாலில் இன்னும் மாட்டியபடியே இருந்தது. மூடியைத் திறந்தேன். அடியில் ஒரே ஒரு வரமிளகாய், நிறம் வெளுத்து, எலும்பும் தோலுமாக. கிட்டே போய் முகர்ந்தேன், புத்தி கெட்டுப்போய். இரண்டு தும்மல் வந்தது.

உங்கள் வேலைதான் அது. ஊர் திரும்பும் அன்று காலை குக்கரைக் கழுவித் துடைத்து, அந்த மிளகாயை உள்ளே போட்டு மூடினீர்கள். "வெறும் சட்டியா வைக்கக் கூடாது" என்றீர்கள். எங்கள் கோயம்புத்தூர் வீட்டிலும் அரிசிப் பானையை அடிவரை வழிக்க விடமாட்டார்கள். ஆனால் விமானம் ஏறும் குக்கருக்கும் அந்தச் சட்டம் செல்லும் என்பது யாழ்ப்பாணத்துக்காரியான உங்களிடம்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் அதைச் செத்தல் மிளகாய் என்பீர்கள், நான் வரமிளகாய் என்பேன். அதற்கே நமக்குள் ஒரு முழு சனிக்கிழமை வழக்கு நடந்திருக்கிறது.

பெட்டியை எதற்கு இறக்கினீர்கள் என்று கேட்பீர்கள். உங்கள் மகள் ஆரணியும் நானும் இத்தாலிக்குப் போகிறோம். மறுபடியும் கோமோ ஏரிதான். டிக்கெட் போட்டாயிற்று, லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. எந்த ஊரில் தங்குவது என்பதுதான் நேற்றுவரை தீரவில்லை. அதைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நமக்கு வாய்த்த டிராவல் ஏஜென்சி உங்கள் வெள்ளைக் கார். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை கார் பார்க்கில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவீர்கள், நான் முறுக்கு. பிள்ளைகள் வளர்ந்து, வகுப்பு முடிந்து, அவர்களே கார் ஓட்டத் தொடங்கிய பிறகும் நாம் சனிக்கிழமையை விடவில்லை. இங்கே மெல்பர்னில் கிளென் வேவர்லி ஸ்டேஷன் பக்கம் காரை நிறுத்திக்கொண்டு, இல்லாத பிள்ளைகளுக்காகக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்போம். இரண்டு பேருக்கும் மரியாதை விட்டுப் பேச வராது. நீங்கள் யாழ்ப்பாணத்து 'நீங்கள்', நான் கொங்கு நாட்டு 'ஏனுங்க'. நம் சண்டைகளை வெளியிலிருந்து யாராவது கேட்டிருந்தால் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், படித்தது அவர்கள் என்றாலும் களைத்தது நாம்தான் என்று முடிவுசெய்து, பரிசை நமக்கே கொடுத்துக்கொண்டோம். இத்தாலி. ஏரி. கணவன்மார் இல்லை. அவர்களுக்கு ஃப்ரீசரில் டப்பா டப்பாவாகக் குழம்பு. அதுவரை ஒரு கருத்து வேறுபாடும் கிடையாது.

ஊர் என்று வந்ததும் தொடங்கியது. நான் பெல்லாஜியோ என்றேன். ஏரி இரண்டாகப் பிரியும் முனையில் நிற்கிற ஊர், படிக்கட்டுச் சந்துகள், பூத்தொட்டிகள், எல்லோருடைய போட்டோவிலும் வருவது. "அந்த ஊருக்குள்ள நிண்டா அந்த ஊரைப் பாக்கேலாதெல்லே" என்றீர்கள் நீங்கள், தேத்தண்ணியை ஊதிக்கொண்டே. "எதிர்க்கரையில நிண்டாத்தான் வடிவு தெரியும்." உங்களுக்கு முதலில் வரென்னா பிடித்திருந்தது, மிலானிலிருந்து ரயில் நேராக வந்து நிற்கும் என்பதால். பிறகு மேப்பை விரித்து மேற்குக் கரையில் மெனாஜ்ஜியோ என்று இன்னொன்றைக் கண்டுபிடித்தீர்கள். அந்தப் பெயரை அதுவரை நான் கேட்டதே இல்லை.

"ஏனுங்க, அத்தனை தூரம் போயி, பேரு தெரியாத ஊர்ல தங்கறதுங்களா?"

"பேர் தெரிஞ்ச ஊரில எல்லாரும் நிக்கினம். எங்களுக்கு எங்க இடம்?"

மூன்று சனிக்கிழமை போனது. நான் விடவில்லை, நீங்களும் விடவில்லை. கடைசியில் நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். நம்மைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு வழியில் இத்தாலியில் ஊர் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

காரணம் லோர்ன். அந்த ஊர்க் கடற்கரையில் விடுமுறை வீடு எடுத்து இரண்டு குடும்பமாகப் போயிருந்தோமே, அப்போது நடந்தது. எங்கள் தேங்காய்த் துவையல் மாதிரியான உங்கள் இடித்த சம்பலுக்கு நீங்கள் மிளகாயைப் பொரித்தீர்கள், புகை மணி அலறத் தொடங்கியது. நான் துண்டை விசிற, பிள்ளைகள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓட, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரம்மா போனில் பேசிய பேச்சு உங்கள் மனதில் தைத்துவிட்டது. "இனி எங்க போனாலும் முதலே சொல்லிப்போட்டுத்தான் போறது" என்றீர்கள் அன்றைக்கு.

ஆகவே மூன்று ஊரிலும் ஊருக்கொரு வீடாகப் பார்த்து, மூன்று வீட்டுக்காரர்களுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினீர்கள். நாங்கள் இரண்டு பெண்கள், அமைதியானவர்கள், வந்த அன்று பின்னேரம் ஒரு சட்டி காய்ந்த மிளகாய் பொரிப்போம், உங்களுக்குச் சம்மதமா. காட்சி எப்படி, கட்டில் எப்படி, வைஃபை உண்டா, எதுவும் கேட்கவில்லை. "அமைதியானவங்களா?" என்று நான் கேட்டதற்கு, "மிளகாயைச் சொன்னாப் போதும், மிச்சத்தை அவை கண்டுகொள்ளட்டும்" என்றீர்கள்.

பெல்லாஜியோ வீட்டிலிருந்து மிக நாகரிகமான பதில் வந்தது. எண்ணெயில் பொரிக்கும் எதற்கும் அனுமதி இல்லை, புரிதலுக்கு நன்றி. வரென்னாவில், அடுப்பு சிறியது, ஆனால் அடுத்த கட்டிடத்தில் அருமையான உணவகம் இருக்கிறது என்றார்கள். மெனாஜ்ஜியோக்காரர் மட்டும் கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்டார். எவ்வளவு மிளகாய்? சமையலறைக்கு இரண்டு ஜன்னல் உண்டு. என்னிடம் கல்லுரல் இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் வைப்பீர்களா?

நீங்கள் போனை என் மடியில் வைத்துவிட்டு முறுக்கைக் கடித்தீர்கள். எனக்கு முகம் தொங்கிப்போனது. "அடுத்த முறை உங்கட ஊர், சத்தியமா" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நான் சிரித்தேன்.

போனோம். வரென்னாவில் ரயில் இறங்கி, படகேறி எதிர்க்கரைக்கு. வீட்டுக்காரர் அந்தப் படகுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெலிந்த மனிதர், ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. போனில் அவர் மொழியில் பேசினால் போன் ஆங்கிலத்தில் சொல்லும். கீழ்த்தளத்தில் அவர், மேலே நாம். அன்று மாலை, மெல்பர்னில் ஸ்பிரிங்வேல் கடையில் வாங்கிக் கொண்டுபோயிருந்த மிளகாயைப் பொரித்தீர்கள். ஊரே இருமும் என்று நான் பயந்தேன், கடைசியில் இருமியது நான் ஒருத்திதான். பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய நான் நிற்க, படியேறி அவர் வந்தார், பச்சிலை இடிக்கிற வெள்ளைப் பளிங்கு உரலை மார்போடு அணைத்துக்கொண்டு.

நீங்கள் யோசிக்கவே இல்லை. உரலை வாங்கித் தரையில் வைத்து, காலிரண்டையும் அதற்கு இருபுறமும் நீட்டி உட்கார்ந்து இடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். மிளகாய், உப்பு, பாக்கெட் தேங்காய்ப்பூ, வெங்காயம். அவர் இறங்கிப் போய்த் தன் மரத்து எலுமிச்சம்பழம் இரண்டோடு வந்தார். சோறு குக்கரில் வெந்தது. ஒரு உருண்டையில் சம்பலை வைத்து அவரிடம் நீட்டினீர்கள். சாப்பிட்டார். முகம் சிவந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆளைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார்.

அன்றிலிருந்து அவருக்கு நம் பெயர்கள் தேவைப்படவில்லை. போன் ஆங்கிலத்தில் சொன்னது: இடிப்பவருக்குக் காலை வணக்கம், இருமுபவருக்கும் காலை வணக்கம்.

அந்த முதல் நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி பால்கனிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிரே, தண்ணீரின் நடுவில் நீட்டிக்கொண்டு, பெல்லாஜியோ. மஞ்சள் வீடு, ரோஜா நிற வீடு, மணிக்கூண்டு, ஒவ்வொன்றாக ஏற்றப்படும் விளக்குகள், எல்லாம் சேர்ந்து ஒரே பார்வைக்குள் வந்தது. "இப்ப பாருங்கோ உங்கட ஊரை" என்றீர்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடையில் ஒரு நாள் படகில் அங்கே போய்வந்தோம். படியேறினோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், ஒரு கடையில் பட்டுத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலையைப் பார்த்ததும் கையை எடுத்தோம். திரும்பும் படகில் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தீர்கள்: "வடிவுதான். இல்லையெண்டு சொல்லேல்லை." அந்த ஒரு வார்த்தைக்காக நான் உங்களை முழுதாக மன்னித்தேன்.

போன குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நோய் என்று தெரிந்த பிறகு அதிக நாள் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பெல்லாஜியோவில வீடு பாத்தாச்சோ?" நான் அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்குக் கோபம் வரும் அளவுக்கு அழுதேன்.

ஆரணி சிட்னியில் வேலைக்குப் போய்விட்டாள். உங்களைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை, தன் அப்பாவிடம்கூட. இரண்டு மாதம் முன்னால் திடீரென்று போன் செய்தாள். "அன்ரி, அம்மா அந்த ஏரியில சரியான ஹாப்பியா இருந்தவ எண்டு அப்பா சொல்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களா?" சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. தப்பான ஊருக்குக் கூட்டிப்போய், நல்ல காட்சியும் நல்ல காபியும் கொடுத்து, உங்களைக் காட்டாமலே திருப்பி அழைத்து வந்துவிட்டால் என்ன செய்வேன்?

இந்த வார இறுதியில் அவள் மெல்பர்ன் வந்தாள். நேற்று என் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். நான் பெல்லாஜியோ என்றேன். உங்கள் சத்தியம் பாக்கி இருக்கிறதே. "ஓகே அன்ரி" என்றாள். இல்லை, மெனாஜ்ஜியோ என்றேன். "ஷுவர், உங்களுக்கு எது விருப்பமோ." வரென்னா என்றேன், சும்மா. அதற்கும் தலையாட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எதிர்த்துப் பேச நீங்கள் இல்லாமல் எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமும் உங்களோடு மல்லுக்கு நின்றுதான் என் மனதை நான் தெரிந்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

"ஏதாச்சும் சண்டை போடு கண்ணு" என்றேன். "உங்கம்மா இப்படித் தலையாட்ட மாட்டாங்க."

அவள் லேப்டாப்பை மூடினாள். "அம்மா ஏன் பெல்லாஜியோ வேண்டாமெண்டவ?"

அவளுக்குத் தெரியாது. மிளகாய்க் கதையை நீங்கள் அவளுக்குச் சொல்லவே இல்லையா? பிள்ளைகளுக்கு நாம் படிப்பையும் பல் தேய்ப்பதையும் பற்றித்தான் சொல்லியிருக்கிறோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லோர்ன், தோட்டக் குழாய், ஒரே கேள்வி, மூன்று பதில், பளிங்கு உரல். நீங்கள் தரையில் உட்கார்ந்ததைச் சொல்லும்போது நானும் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினேன். எழுந்திருக்க அவள்தான் கை கொடுத்தாள். சிரித்தாள், மூச்சு வாங்கச் சிரித்தாள், நடுவில் அழுதாள், மறுபடியும் சிரித்தாள். உங்கள் சிரிப்புதான், அதே இழுவை.

"அதே கேள்வியை அனுப்புவம்" என்றாள். "ஆனா அவருக்கு மட்டும்." சொல்லிக்கொண்டே தட்டத் தொடங்கிவிட்டாள். நாங்கள் இரண்டு பெண்கள், அமைதியானவர்கள், வந்த அன்று மிளகாய் பொரிப்போம், உங்களுக்குச் சம்மதமா. வேறொன்றும் எழுதவில்லை. என்னிடம் சம்மதமும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

பதில் இன்று காலை வந்திருந்தது. ஆரணி தோசைக்கு நடுவில் வாசித்தாள். "மிளகாய்ப் பெண்களா? வாருங்கள். உரல் இருக்கிறது, மரத்தில் எலுமிச்சை இருக்கிறது." அதற்குக் கீழே இன்னொரு வரி. அதை வாசிக்கையில் அவள் குரல் மெதுவானது. "இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இடிப்பவரும் இருமுபவரும்தானே வருகிறீர்கள்?"

இடிப்பவர் யார் என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு இடிக்கத் தெரியாதே, அன்ரி" என்றாள்.

"எனக்கு இருமத்தான் தெரியும். நான் பக்கத்துல நின்னு இருமறேன், நீ இடி. சரியா வந்துரும்."

போனை வாங்கி நானே பதில் எழுதினேன். உங்கள் மறைவை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை மாதமும் தள்ளிப்போட்டிருந்தேன். இன்று மூன்றே வரி. இருமுபவர் வருகிறார். இடிப்பவர் இப்போது எங்களோடு இல்லை. அவருடைய மகள் வருகிறாள், உரலை அவளிடம் கொடுங்கள்.

அதற்குப் பிறகுதான் கராஜுக்குப் போய்ப் பெட்டியை இறக்கினேன். ஆரணி ஸ்பிரிங்வேலுக்குப் புதுச் செத்தல் வாங்கப் போயிருக்கிறாள். ஒரு நாள் படகில் பெல்லாஜியோவுக்குப் போய்வருவோம், உங்கள் சத்தியம் அவ்வளவில் தீர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் அதை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பேன், நீங்கள் காட்டித் தந்தபடி. வாய்விட்டும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

குக்கரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாயிற்று. உள்ளே இருக்கிற அந்த மிளகாயை நான் எடுக்கவில்லை. அது உங்கள் பங்கு.