ஓலை வாசித்தால் கல்யாணம் ஆகிவிடாது

போர்ட்னாக்கி,
மார்ச், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எய்லிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. கனடாவில் இன்னும் பனி விழுகிறது என்று செய்தியில் பார்த்தேன், நான் அனுப்பிய கம்பளிச் சட்டையை அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி. முதலில், வம்சப் பதிவு தேடித் தருகிறேன் என்கிற அந்த எடின்பரோ ஆசாமிக்கு நானூறு பவுண்டு அனுப்பாதே. அனுப்பத்தான் போகிறாய் என்றால் எனக்கு அனுப்பு, உன் தாத்தா பாட்டன் எல்லாரையும் நானே கல்லறையிலிருந்து எழுப்பிக் கூட்டி வருகிறேன்.

நீ அன்று போனில் அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. கல்யாணத்தன்று எல்லார் கையிலும் கொடுக்கிற புத்தகத்தில் இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டு வம்சம், வலப்பக்கம் நம் வம்சம், மாதக் கடைசிக்குள் நம் பழைய கல்யாணப் பதிவு போய்ச் சேரவில்லை என்றால் நம் பக்கத்தில் 'விவரம் கிடைக்கவில்லை' என்று அச்சடித்து விடுவார்கள், அதுதானே? அதற்கு மேல் உன் வருங்கால மாமியார் சொன்னாளாமே, “பாவம், மீன் விக்கிறவங்க வீட்டுல இதெல்லாம் எங்க எழுதி வெச்சிருக்கப் போறாங்க” என்று. இருநூறு பேர் கையில் அப்படி ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்குள் நீ காலெடுத்து வைத்தால், சாகிறவரை தலை நிமிராது. அது எனக்குத் தெரியாதா? முதல் மீன் வண்டியை ஓட்டிக்கொண்டு நான் கீத் ஊருக்குப் போன காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே மீன் வாங்கின சீமாட்டிகளைப் பார்த்தவள் நான். மூக்கைப் பொத்தினார்கள், வாங்காமல் மட்டும் இருக்கவில்லை.

அந்த ஆசாமிக்கு நானே போன் போட்டேன். “மேடம், இது ரொம்ப நுணுக்கமான வேலைங்க, ஊர் ஊராப் போய் பழைய ஏட்டைப் புரட்டணும்” என்றான். சரி எங்கள் ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். “போர்ட்னாக்கி... அது மேற்குக் கரையில தானுங்களே?” என்றான். நாம் இருப்பது வடகிழக்குக் கரை, என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எந்தக் கடல் தெரியும் என்றுகூட அறியாதவன் நம் பாட்டனைக் கண்டுபிடிக்கப் போகிறானாம். போனை வைத்துவிட்டு, இறைச்சிக்கடை டோலினாவைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன், அவள் கைக்குத்தான் கணினி படியும். கிளம்பும்போது உன் அப்பா, “செத்தவங்க கல்யாணத்துக்கு இப்ப எதுக்குடி மொய் எழுதப் போற?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும், அன்று ராத்திரி முழங்கால் தைலம் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றேன்.

இனி நான் சொல்வதை உன் தோழிகளுக்கும் சொல். அரசாங்கப் பதிவேட்டுத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுவதற்குக் காசு கிடையாது. அசல் பக்கத்தின் படத்தைத் திறந்தால்தான் காசு, அதுவும் ஒரு கோப்பைத் தேநீர் விலைகூட வராது. முத்திரை குத்திய நகல் அதைப்போல எட்டுப் பத்து மடங்கு. முத்திரை நீதிமன்றத்துக்கு வேண்டும், மாமியாருக்கு எதற்கு? இன்னொன்று, கிட்டத்து ஆளிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்துக்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் இரண்டு பேருடைய அப்பா அம்மா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, அதிலேயே இருக்கும். ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தானாக வரும், வலையில் ஒரு கண்ணியைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அப்படித்தான் நம் ஆட்களைப் பிடித்தேன். உன் முப்பாட்டன் ஜேம்ஸ் மேர், மீனவன். முப்பாட்டி எல்ஸ்பெத் உட், மீனவன் மகள். கல்யாணம் நடந்தது மணப்பெண் வீட்டில், எல்லாரையும் போல. அவளுக்கு எழுதத் தெரியாது, பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி. திரையில் அந்தக் குறியை விரலால் ஒரு தடவை தடவினேன், டோலினா பார்க்குமுன் தூசி துடைப்பதுபோல் துடைத்துவிட்டேன்.

விஷயம் இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தளத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் காசு கட்ட முடியாது, பல பக்கத்துக்குச் சேர்த்துத்தான் முன்பணம் கட்ட வேண்டும். நமக்குச் செலவானது போக மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. அதனால் உன் மாமியார் லோர்னா சாண்டிசன் அனுப்பின அவர்கள் பக்கத்தையும் எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். கட்டினவன் பெயரைக்கூட வேண்டாம் என்று பிறந்த வீட்டுப் பெயரையே சுமக்கிறவள் அல்லவா, அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்க்கலாமே என்று. அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா அலெக்சாண்டர் சாண்டிசன், நிலக்கிழார் மகள் சார்லட் இன்னஸைக் கட்டிக்கொண்டார் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறாளே, அந்தப் பக்கத்தைத் திறந்தோம். டோலினா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “ஏ நெட்டா, இது கல்யாணம் இல்லடி, வெறும் ஓலை, இன்னாரை இன்னார் கட்டப்போறாங்கன்னு முன்னாடியே வாசிக்கிற அறிவிப்பு. கோயில்ல ஓலை வாசிச்சவன் எல்லாம் கட்டிக்கிட்டானா? எங்க அக்காவுக்கு மூணு தடவை வாசிச்சாங்க, மூணு பேரும் கப்பல் ஏறிட்டானுங்க” என்றாள். இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஓலை வாசிக்கும்போது கோயிலில் ஈட்டுப்பணம் கட்டுவார்கள், சொன்ன காலத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அது ஏழைகளுக்குப் போய்விடும். கோயில் மூப்பர்களின் கூட்டக் குறிப்பும் அதே தளத்தில் இருக்கிறது, படிக்கக் காசே இல்லை. பெண் மனம் மாறிவிட்டாளாம், சாண்டிசனின் ஈட்டுப்பணத்தில் ஒரு விதவைக்கு நிலக்கரி வாங்கிக் கொடுத்தார்களாம். அவர் வம்சம் செய்த ஒரே நல்ல காரியம், அதுவும் தெரியாமல் செய்தது.

பிறகு யாரைக் கட்டினார்? அவருடைய மகனின் கல்யாணப் பதிவைத் திறந்தேன், அதில் அம்மா பெயர் ஜீன் பிரி. ஜீன் பிரியின் கல்யாணத்தைத் தேடினேன். அந்த ஓலை வாசித்து இரண்டு வருடம் கழித்து, அதே அலெக்சாண்டர் சாண்டிசனோடு. பெண்ணின் ஊர் போர்ட்னாக்கி, தகப்பன் தொழில் மீன்பிடிப்பு. டோலினா மேசையைத் தட்டிச் சிரித்ததில் நூலகக்காரப் பெண் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டாள். போன கோடையில் உன் மாமியார் இங்கே வந்து சார்லட் இன்னஸ் கல்லறையில் மலர்வளையம் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே, அந்தப் படமும் புத்தகத்தில் வருகிறதே, யார் வீட்டுப் பெண்ணுக்கோ அழுதிருக்கிறாள். அவளுடைய சொந்த வம்சத்துப் பாட்டி கூடையைத் தலைப்பட்டையில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்றவளாகத்தான் இருக்க வேண்டும், இந்த ஊரில் மீனவன் மகள் வேறென்ன செய்வாள்.

இதை அச்சடித்துக் கல்யாண மண்டபத்து வாசலில் தொங்கவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். உன் அப்பாதான் தடுத்தார். “பையன் நல்லவன்டி. நம்ம வீட்டுக்கு வந்தப்ப மூணு தட்டு புகைபோட்ட ஹாடக் மீன் சாப்பிட்டான், அப்பவே எனக்குச் சந்தேகம்” என்றார். ஆகவே இந்தக் கவரில் இரண்டு உறை வைத்திருக்கிறேன். திறந்திருப்பது நம்முடையது, எல்ஸ்பெத்தின் பெருக்கல் குறியோடு, அதை நாளைக்கே அச்சகத்துக்குக் கொடு. ஒட்டியிருப்பது அவர்களுடையது. அதைப் பையனுக்குத் தனியாகக் காட்டு, என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள், நான் தலையிட மாட்டேன். ஆனால் மீன் என்ற சொல்லை அந்த அம்மாள் இன்னொரு தடவை மூக்கைச் சுளித்துச் சொன்னால், அந்த நிமிடமே அவள் கையிலேயே கொடுத்துவிடு, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கல்யாணக் கவலையில் மெலிந்து போகாதே, தைத்த உடை தொளதொளக்கும். நீயும் அவனும் நூறு வயது ஒன்றாக இருக்க வேண்டும். புகைபோட்ட ஹாடக் ஒரு பெட்டி கொண்டு வருகிறேன், விமான நிலையத்துக்குக் காரை அனுப்பும்போது பெரிய கார் அனுப்பு. சம்பந்தி அம்மாளிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். எங்கள் ஊர்க்காரி என்று தெரிந்த பிறகும் விசாரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

ஆசிகளோடு உன் அம்மா,
நெட்டா மேர்