தோள் கொடுக்கும் பக்கம்

வியாழக்கிழமை, இரவு

பத்திரிகையிலிருந்து கதை இரண்டு முறை திரும்பி வந்தபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

மாலை ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வியிடம் சங்கரா வாங்கினேன். அவள் செதில் சீவும் நேரத்தில், போனில் இருந்த என் கதையைப் படித்துக் காட்டினேன். அண்ணனும் தம்பியும் படகைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே சண்டை போடும் இடம். ஒன்றரைப் பக்கமும் வசனம். நானே மெச்சிக்கொண்ட வசனம்.

செல்வி கத்தியை நிறுத்தினாள்.

“யக்கா, படகு தள்ளசொல்ல எவன் பேசுவான்? மூச்சு வுடவே நேரம் இருக்காது.”

“ரெண்டு பேருக்கும் கோவமாச்சே செல்வி, அதை எப்படித்தான் காட்டுறது?”

“கோவம்னா, அண்ணன் தோள் குடுக்கிற பக்கம் தம்பி வரமாட்டான். அந்தாண்ட போய் நிப்பான். கரையில கீற அத்தினி பேருக்கும் தெரிஞ்சிபூடும்.”

அவள் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் இப்படித்தானோ... நான் கேட்கவில்லை. மீனைக் கழுவிப் பையில் போட்டுத் தந்தபோது அவளே கேட்டாள்: “கடைசில ஒரே பக்கம் நிப்பாங்களாக்கா?” இன்னும் முடிவு எழுதவில்லை என்றேன்.

சாப்பிட்டதும் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தையும் அழித்தேன். மனசே வரவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரே வரி: தம்பி படகைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். சண்டை இப்போதுதான் காதில் விழுகிறது.

முடிவையும் எழுதிவிட்டேன். கண் சொக்குகிறது. நாளை வெள்ளி, மீன் வாங்க மாட்டேன். ஆனாலும் மார்க்கெட் வரை போய்ச் செல்வியிடம் சொல்ல வேண்டும், தம்பி இந்தப் பக்கம் வந்துவிட்டான் என்று.