வலப்பக்கத்துத் தட்டு

அன்புள்ள என் சமையல்காரருக்கு,

உங்கள் வாயாடி எழுதிக்கொள்வது. நானும் அக்காவும் சுகம். போனில் பேசினால் 'ம்' என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒன்றும் பெயர மாட்டேன் என்கிறது. கடிதத்தை நீங்கள் பாதியில் வெட்டிவிட முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வர மாட்டேன் என்ற பஸ் சீட்டில் அக்காதான் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் என் தோளில் தூங்கினாள். இங்கே வந்தும் அதே தூக்கம்தான். அதனால் விடிந்தும் விடியாமல் நான் மட்டும் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

ஆற்றங்கரை முழுக்கப் பனிமூட்டம். அதற்குள் சந்தை மிதக்கிறது. விற்பவர்களின் முகம் தெரிவதில்லை. விளக்கடியில் கைகள் மட்டும் தெரிகின்றன, குவியல் குவியலாகப் பழங்கள் தெரிகின்றன. எங்கிருந்தோ பேரம் கேட்கிறது, எங்கிருந்தோ சிரிப்பு. விழித்திருக்கிறேனா, இன்னும் அறையில் படுத்துத்தான் கிடக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. பேர் தெரியாத கீரை ஒன்றைக் கசக்கி என் உள்ளங்கையில் வைத்தாள் ஒருத்தி. அந்த வாசனையைப் பற்றி உங்களுக்கு எழுதலாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மழை விட்டதும் கொல்லைக் கதவைத் திறந்தால் வருமே, அது. எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காய்ச்சல் உங்கள் மூக்கையும் நாக்கையும் கொண்டுபோனதிலிருந்து வீட்டில் யாருமே சாப்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. மகள்கூட ஒளிந்து ஒளிந்து தின்கிறாள். "நீயாவது போய் நாலு இடத்துல நல்லா சாப்பிட்டுட்டு வா, எனக்கு எங்க போனாலும் வைக்கோல்தான்" என்று என்னை ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். நீங்களோ ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து விழுங்குகிறீர்களாம். விருந்துச் சமையலுக்கு வைத்திருந்த பெரிய பாத்திரங்களை விலை பேச ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனானாம். மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

அதே நினைப்போடு இன்று சந்தைக்குள் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மெல்லிய மாவுக்குள் எதையோ பொதிந்து, ஆவி பறக்கத் தட்டில் வைத்தார்கள். நான் பாட்டுக்கு முதல் துண்டைப் பிய்த்து வலப்பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டேன். பழக்கதோஷம்! என் வலப்பக்கம் உட்கார்ந்து நீங்கள் வாயில் போட்டு உப்பைச் சொல்லாமல் நான் என்றைக்குச் சாப்பிட்டிருக்கிறேன்? பக்கத்தில் இருந்தவரோ ஒரு லாரி டிரைவர், ஆஜானுபாகு. என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார். "உங்க ஊர் வழக்கமாம்மா?" என்று கேட்டார். மானம் போகிறதே என்று ஆமாம் என்றேன். உடனே அவர் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை அடுத்தவருக்கு வைத்தார், அவர் அதற்கடுத்தவருக்கு. பெஞ்சு முழுக்க ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் தட்டுக்குத் துண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. கடைக்காரி கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள்.

"எல்லாரையும் சாப்பிட வெச்சுட்டு நீங்க மட்டும் ஏன் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?" என்றார் டிரைவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பு சரி என்று அந்த மனுஷர் சொல்வார் என்று காத்திருக்கிறேன்! சிரித்தேன், சிரித்தபடியே அழுதுவிட்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு நானே வாயில் போட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். நானாகவே கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் திரும்பிச் சொல்ல நீங்கள் இல்லை. அவ்வளவு நல்ல சாப்பாடு, பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் நாக்கையா நான் கட்டிக்கொண்டேன்? ருசி தெரியாதவனுக்குப் பந்தியில் என்ன வேலை என்று நீங்களாகவே முடிவு செய்து எழுந்து போய்விட்டால், மிச்சம் இருக்கிறவர்கள் என்ன செய்வது? உங்களுக்குச் சூடு தெரியும், மொறுமொறுப்பு தெரியும், மாவின் பதம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். உப்பை நான் சொல்கிறேன். இத்தனை வருஷம் உங்கள் கையால் தின்ற வாய்க்கு அதுகூடவா தெரியாது?

பாத்திரங்களை யாரும் தொட விடாதீர்கள். சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். அது சந்தை வாசலிலேயே நிற்கும், நானும் அங்கேயே நிற்பேன். வழியில் எதையும் தின்று வைக்காமல், பசியோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி