சதுப்பருகே சொன்ன பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம், நீ நர்சிங் படிக்கும் குலு நகரத்து வெயிலில் ஆண்டவர் உனக்கு நிழலாக நிற்கட்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் எழுத இவ்வளவு தாமதித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே மழை விட்டபாடில்லை. உருளைக்கிழங்கு தோண்டும் நேரம் பார்த்து பபூன் குரங்குகள் இறங்கிவிட்டன, அப்பா தகரத்தைத் தட்டித் தட்டிக் கை காய்த்துப் போய்விட்டார். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது, பள்ளியில் எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டுகிறான். உன் காய்ச்சல் முழுக்க விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாயா? நிறுத்தியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

போனில் நான் உன்னை இப்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, மகளே மகளே என்று மட்டும் சொல்கிறேன், என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமில்லை அம்மா. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உனக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்த அன்று காலையில் ஆறு சுற்றுலா விருந்தினரை மலைமுகட்டிலிருந்து சதுப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மூன்று மணி நேர இறக்கம், வழியெல்லாம் வேர், சேறு, மூடுபனி. நான் முன்னால் நடந்தேன், சுமை தூக்கும் துரினாவே கடைசியில் வந்தான். கால் தானாக நடந்தது, மனம் உன் கட்டிலருகில் இருந்தது. சதுப்பங்கரையில் எல்லோரையும் நிற்கவைத்து வழக்கமான கதையைச் சொன்னேன். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தைத் தண்ணீர் மறித்ததையும், மகளைக் கொடுத்தால்தான் வழி என்று கேட்டதையும், இரண்டு நாள் அழுதுவிட்டு அவர்கள் அவளைத் தள்ளிவிட்டதையும் நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். அந்தப் பெண்ணின் பெயரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் யாரும் சொல்வதில்லை என்பதும் உனக்குத் தெரியும். விருந்தினர் கேட்டால் இந்த மலைகளில் உயிரோடு யாருக்கும் இல்லாத ஒரு பழைய பெயரைச் சொல்லிவிடுவோம். பதினோரு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். அன்றைக்கு ஒரு ஜெர்மன்கார அம்மாள் அவள் பெயர் என்ன என்று கேட்டாள். என் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது.

துரினாவே பின்னாலிருந்து, ஏன்க்கா, உங்களுக்கு வேற பேரே கெடைக்கலியா, என் மாமியார் பேரு சும்மாதானே கெடக்கு, அதக் குடுத்திருந்தா எனக்காவது நிம்மதி என்றான். சிரிக்கத்தான் சொன்னான், ஆனால் அவன் முகம் சிரிக்கவில்லை. அதற்குள் அந்த அம்மாள், பெயர் அழகாக இருக்கிறதே என்று கையை வாயருகே குவித்து உன் பெயரை மூன்று முறை தண்ணீருக்கு மேல் கூவிவிட்டாள். கோரைப்புல் மண்டிய இடம், எதிரொலி வராது, வரவும் இல்லை. நாங்கள் அரைமணி நேரம் மேலே ஏறியபிறகுதான் கீழேயிருந்து யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். மகளே, அது என் குரல். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன், கீழே என் குரல் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கூப்பிட்டது. விருந்தினர் என்ன சத்தம் என்று கேட்டார்கள், பறவை என்றேன். ஜெர்மன்கார அம்மாள் அந்தப் பறவையின் பெயரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மணி மூன்று.

அதை நான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். பிறகுதான் உன் கடிதம் வந்தது. அதே நாள் மூன்று மணிக்கு வார்டில் நான் கூப்பிட்டது போலக் கேட்டு, என்னம்மா என்று நீ உரக்கச் சொல்லி எல்லோரும் சிரித்ததாக வேடிக்கையாக எழுதியிருந்தாய். அடுத்த வாரம் குழாயடியில், இன்னும் கிட்டத்தில், கழுத்தில் ஈரக்காற்றுப் பட்டது போல என்றும் எழுதியிருந்தாய். அப்பாவிடம் சொன்னேன். ஏண்டி, காலேஜ்ல காட்டுயிர் படிச்சவ நீயே இதெல்லாம் நம்புறியா, தனியா இருக்கற பொண்ணுக்கு அம்மா நெனப்பு வராதா என்றார். சொல்லிவிட்டு வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை. துரினாவேதான் சொன்னான், குடுத்த பேரத் திருப்பி வாங்க முடியாதுக்கா, வேற பேரக் குடுத்து மாத்திக்கலாம், ஆனா அந்தப் பேருக்காரங்க மனசாரச் சம்மதிக்கணும், என் மாமியார் எதுக்குமே சம்மதிச்சதில்ல என்று.

போன வியாழக்கிழமை டச்சுக்காரத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். கதையைச் சொன்னேன். அவர்கள் பெயரைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் என் பெயரைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் பெயர் கோபுசிங்யே என்று. துரினாவே சுமையை இறக்கிவைத்துவிட்டு, அக்கா, ரெண்டு புள்ள பெத்தவங்க நீங்க என்றான். அதனாலதாண்டா என்றேன். திரும்பி ஏறும்போது அதே இடத்தில், கீழேயிருந்து, கோபுசிங்யே என்று கூப்பிட்டது. உன் குரலில். எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவள் இல்லை. நம் இருவருக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம், உன் தோழிகள் என்னை உன் அக்கா என்று நினைப்பார்கள், இருந்தும் நீ என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாய். தண்ணீருக்கு அது தெரியவில்லை. இனி எத்தனை முறை கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

நேற்று நீ போன் செய்தபோது, இப்ப யாரும் கூப்பிடறதில்லம்மா, காது சரியாயிடுச்சு என்றாய். நான் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று போனை வைத்தது அழுவதற்குத்தான். விடுமுறைக்கு வரும்போது காட்டுப்பாதையில் வராதே, கபாலே வழியாகச் சுற்றிப் பேருந்தில் வா, அப்பா நிறுத்தத்தில் நிற்பார். நீயும் வழிகாட்டி வேலைக்கு வருகிறேன் என்றாயே, அதை நேரில் பேசுவோம். மாத்திரையை முழுக்க முடி. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. ஆண்டவர் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும், உன் கையால் நோயாளிகள் எழுந்திருக்கட்டும், நீ நூறு வயது இரு. இன்னும் ஒன்றே ஒன்று. விளையாட்டுக்குக்கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. எனக்கு அடையாளம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்