மில் தியேட்டரில் படம் சொன்னவளுக்கு

ஏட்டி,

இன்று மத்தியானம் ஒரு மழை பெய்தது. மில் கதவைத் திறந்ததும் குப்பென்று தவிட்டு வாசம். இங்கே நெல் அரைப்பதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆயிற்று. சுவருக்கு வெள்ளையடித்தோம், தரைக்குச் சிமெண்ட் போட்டோம், சாம்பிராணி புகைத்தோம். எதற்கும் அது அசையவில்லை. ஈரம் பட்டால் போதும், சுவரெல்லாம் தவிடாக மணக்கிறது. இந்தக் கட்டடத்தைக் காட்ட உன்னை முதல் தடவை கூட்டி வந்தபோது நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொள்ளாம் மக்கா, படம் நல்லா இல்லேன்னாலும் வாறவனுக்குப் பசியாவது எடுக்கும்" என்றாய். அதை நினைத்துக்கொண்டு கதவுப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டியாயிற்று. உன்னிடம் ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும்போல் இருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சேதியை முதலிலேயே சொன்னால் மீதியை நீ கேட்கமாட்டாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? அதனால் முறைப்படியே சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

மஸ்கட் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில்தானே இதெல்லாம் தொடங்கியது. நீ வார்டில் நர்ஸ், நான் எக்ஸ்ரே அறையில். வெள்ளிக்கிழமை லீவு. பக்கத்து அறைப் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் மேல்மாடி எகிப்துக்காரியும் அவரவர் தேசத்துப் படத்தைக் கொண்டுவருவார்கள். அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும். அதை வாசித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது. நீதான் டிவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாய். "இந்தா பாரு, இவ இப்பம் மாமியாக்காரிகிட்ட கோவிச்சிட்டுப் போறா. போட்டும். எங்க போவா? கடைசி பஸ்ஸு போயாச்சு" என்று உன் கடற்கரைத் தமிழில் எடுத்துவிட்டாய். பாதி எழுத்தில் இருந்தது, பாதி உன் மண்டையில் இருந்து வந்தது. எகிப்துக்காரிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவளே படத்தை விட்டுவிட்டு உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது எல்லோரும் வீடு கட்டினார்கள். உனக்குத் தியேட்டர் வேண்டியிருந்தது. டிக்கெட் இல்லாத தியேட்டர்! நம் ஊரில் ஒருவரும் கொண்டுவராத படங்களை நம் ஊர் ஆட்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். கிறுக்கு என்றுதான் நான் சொன்னேன். ஆனாலும் அண்ணனிடம் போய்க் கொட்டாரம் ஊரில் சும்மா கிடந்த அவன் மில்லைக் கேட்டவளும் நான்தான். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "லாபமே வேண்டாம்னு ஒரு தியேட்டரா? எல்லாரும் போன்லயே படம் பாக்கான், உங்க ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லியா?" என்றான். திட்டினானே தவிர, சாவியைத் தந்துவிட்டான். சங்கமாகப் பதிவு செய்தோம். திருவனந்தபுரத்துத் திரைப்படச் சங்கத்துப் பிள்ளைகள், படத்துக்கு உரிமை உள்ளவர்களிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால், சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு வர வசதியாக மத்தியானக் காட்சி என்று நீதான் வைத்தாய். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்கினோம். படம் காட்டுகிற மெஷின் என் பொறுப்பு, மைக் உன் பொறுப்பு.

அந்த உப்பளக் கூத்து ஞாபகம் இருக்கிறதா? வடக்கே எங்கேயோ குளிர்தேசத்துப் படம். திரை முழுக்கப் பனி, வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது. முன்வரிசையில் இருந்த மிக்கேலம்மா, மீன் விற்று மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள், சத்தமாகக் கேட்டாள்: "இது எந்த ஊரு உப்பளம்?" நீ அடியில் ஓடும் எழுத்தை வாசிக்கிற அவசரத்தில், "உப்பளந்தான், வெளிநாட்டு உப்பளம்" என்று சொல்லிவிட்டாய். சொன்ன பிறகுதான் உனக்கே உறைத்தது. ஆனால் சொன்னதை மாற்றுகிற சாதியா நீ? அன்றைக்குப் படம் முழுவதும் உப்பளத்திலேயே நடந்தது. வயலும் வரப்புமாகவே வாழ்ந்த தாணு அண்ணாச்சி எழுந்து நின்று, "உப்பளத்துல எதுக்கு இவ்வளவு கனத்துல ஸ்வெட்டரு?" என்று நியாயம் கேட்டார். "கடக்காத்து அண்ணாச்சி, கடக்காத்து" என்றாய் கூசாமல். மெஷினைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் படமே திரையில் ஆடியது.

சிரிக்க முடியாததும் ஒன்று இருந்தது. அந்தப் படகுப் படம்.

மீன்பிடிக்கப் போன ஒருவன் திரும்பவில்லை. பெண்டாட்டி கரையில் காத்துக் கிடக்கிறாள். கடைசியில் அவன் துடுப்பு மட்டும் அலையில் ஒதுங்குகிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். படம் அவ்வளவுதான். அன்றைக்கு மிக்கேலம்மா வந்திருந்தாள். அவள் புருஷன் புயலில் போனவன், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவளைப்போல இன்னும் சில பெண்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். நீ மைக்கில், "அவன் வேற கரையில ஏறிட்டான். துடுப்பு கை நழுவிப் போச்சு, அவ்வளவுதான். வருவான்" என்றாய். எனக்கு வந்த கோபம்! காட்சி முடிந்து பஸ் ஸ்டாப் வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நம்பி வருகிற ஜனங்களை ஏமாற்றலாமா, படம் எடுத்தவன் கேட்டால் என்ன சொல்வான், என்றாவது தெரிந்தால் இந்த மில் பக்கம் ஒரு ஆள் திரும்பிப் பார்ப்பானா என்றெல்லாம் கேட்டேன். நீ பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"நீ எக்ஸ்ரே எடுத்தவ மக்கா. உள்ள எலும்பு எப்பிடிக் கெடக்கோ அப்பிடியே காட்டணும் உனக்கு. நான் நர்சு. எதை எப்பிடிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். சவத்த விடு."

நான் விடவில்லை. அதன்பிறகும் எத்தனையோ ஞாயிறு இதைப் பேசிச் சண்டை போட்டிருக்கிறோம். யார் ஜெயித்தது என்று தெரிவதற்குள் நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சுவலி என்றார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நான் பஸ் பிடித்து வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

மில்லைப் பூட்டினேன். சாக்குகூட அவிழ்க்கவில்லை. சில மாதம் கழித்து அண்ணன் வந்தான். அவன் கெட்டவன் இல்லை, உனக்கே தெரியும். "ஏட்டி, கல்யாண மண்டபத்துக்கு இடம் கேக்காவ. நான் உடனே தாரேன்னு சொல்லல. ஒரு படம் போட்டுப் பாரு. அவ இல்லாமலும் ஆளு வந்து, கடைசி வரை இருந்தா, மில்லு உனக்கு. எந்திரிச்சுப் போயிட்டா எனக்குத் தந்துரு" என்றான். அவன் சொன்னதில் தப்பு என்ன? ஜனங்கள் படத்துக்காக வரவில்லை, உன் வாய்க்காக வந்தார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்தப் படத்தைப் போடுவது என்று சந்தையில் மிக்கேலம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அந்தப் படகுப் படத்தப் போடு மக்கா. எங்க கரையில எல்லாரையும் கூட்டிட்டு வாறேன்" என்றாள்.

ஊரில் இருக்கிற படத்தையெல்லாம் விட்டு அதையா கேட்பாள்? நீ சொல்லாமல் வெறும் படமாகப் பார்த்தால் துடுப்புக்கு அர்த்தம் என்ன என்று தெரிந்துவிடும். நீ ஏமாற்றினாய் என்றும் தெரிந்துவிடும். அதற்குமேல் யார் இங்கே வந்து உட்காருவார்கள்? வேறு படம் போடலாமா, மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீ சொன்ன மாதிரியே சொல்லிவிடலாம் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். என் வாயில் அது ரேஷன் கடை அறிவிப்புப்போல இருந்தது.

ஞாயிறு வந்தது. உன் கரைப் பெண்கள் டவுன்பஸ்ஸில் வந்து கும்பலாக இறங்கினார்கள். தாணு அண்ணாச்சி குடையோடு வந்தார். அண்ணன் உள்ளே வந்து உட்காராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். மெஷினை ஓடவிட்டு மைக்கைக் கையில் எடுத்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பேயறைந்த மாதிரி நிற்கிறேன். ஒருவர் இருமுகிறார். ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நகருகிறது. சரி, முதல் ஆள் எழுந்தாயிற்று, போயிற்று மில் என்று நினைத்தேன்.

எழுந்தவள் மிக்கேலம்மா. வெளியே போகவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "இவந்தான் போறவன். இவ பெஞ்சாதி. போகாதேன்னு சொல்லுதா. கடல் நெறம் சரியில்ல பாத்துக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தாள். பின்வரிசையில் ஒருத்தி, "அது காத்து திரும்புத நெறம்" என்று திருத்தினாள். தாணு அண்ணாச்சி விடுவாரா? "வீட்டுல அரிசி இல்ல, அதான் போறான். பானையப் பாத்தியா, காலி" என்றார். ஆளாளுக்குச் சொன்னார்கள். இல்லை என்றார்கள், ஆமாம் என்றார்கள், ஒருவரையொருவர் அதட்டினார்கள். மாமியார் வில்லியா நல்லவளா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. சந்தைக்கடை மாதிரி இரைச்சல். ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை.

கடைசியில் துடுப்பு வந்து ஒதுங்கியது. மொத்த மில்லும் அடங்கிப்போயிற்று. நான் மெஷினை நிறுத்திவிடலாமா என்று கையை நீட்டினேன். மிக்கேலம்மா சொன்னாள்: "அவன் போயிட்டான். இனி வரமாட்டான்."

அவ்வளவுதான். வெளிச்சம் போட்டதும் நான் நேரே அவளிடம் போனேன். உனக்காக மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "அவ அன்னைக்கு வேற மாதிரி சொல்லிட்டா, மனசுல வச்சுக்காதிய" என்று இழுத்தேன். மிக்கேலம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்களுக்குக் கண்ணு இல்லியா மக்கா? துடுப்பு தனியா வந்தா என்னன்னு எங்க கரையில பச்சப்பிள்ளைக்கும் தெரியும். அன்னைக்கே தெரியும். அவ அப்பனும் அப்பிடிப் போனவந்தான். அவ குட்டப் பாவாடை கட்டுன வயசுல இருந்து கரையில வந்து நிக்கத நான் பாத்திருக்கேன். வருவான்னு சொல்லும்போது அவளுக்குத் தொண்டை அடச்சிட்டு. நாங்க இல்லேன்னு சொன்னா அவ தாங்குவாளா? அதான் எல்லாரும் தலையாட்டினோம்."

உன் அப்பா கடலில் போனவர் என்று எனக்கும் தெரியும். ஹாஸ்டலில் நீ ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, ஏட்டி. நீ அவர்களுக்குச் சொன்னாய் என்று நான் நினைத்தேன். அவர்களுக்குச் சொல்கிறோம் என்று நீயும் நினைத்திருப்பாய். அவர்களோ உனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாளாக உன் குட்டு வெளிப்பட்டுவிடக்கூடாதே என்று நெஞ்சில் கல்லைச் சுமந்திருக்கிறேன். அப்படி ஒரு குட்டே இல்லை. யாரும் ஏமாறவில்லை. அண்ணன் வாசலில் இருந்து உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது, தவிட்டுத் தூசி என்று சொன்னான். பிறகு, "அடுத்த ஞாயிறு என்ன படம்ட்டி? அந்த மாமியாக்காரி மாதிரி ஒருத்தி இருந்தா நல்லாட்டு இருக்கும்" என்றான். கல்யாண மண்டபத்துப் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவே இல்லை. சேதி இதுதான். மில் நமக்குத்தான்.

இப்போது மைக் யாரிடமும் இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள். உன் அளவுக்கு ஒருவருக்கும் பொய் சொல்ல வரவில்லை, ஆனால் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். வேலைக்கு வெளிதேசம் போன மகளுக்காக ஒரு தாய் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். கடைசி ரயில் வந்து நிற்கிறது. கதவு திறக்குமுன் படம் முடிந்துவிட்டது. வந்தாளா இல்லையா என்று படத்தில் இல்லை. எல்லோரும் சொல்லி ஓய்ந்து, ஒரே சமயத்தில் திரும்பி மெஷின் பக்கம் என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லு மக்கா, அவ வருவாளா?" என்றாள் மிக்கேலம்மா. அந்த ரயிலில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு எக்ஸ்ரேக்காரி தெரியாததைச் சொல்லலாமா? எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

"வருவா" என்றேன். தொண்டை அடைத்துவிட்டது.

முன்வரிசையில் இருந்து பின்வரிசை வரை எல்லோரும் எனக்காகத் தலையாட்டினார்கள்.