மச்சானோடு போர்ட்டோவுக்கு

மச்சான்,

நேற்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு அம்மா கரியடுப்பில் மத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். மசாலா கிடையாது, உப்பு மட்டும்தான். மீனின் நெய் வடிந்து கரியில் விழுந்து புகை கிளம்பியதும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. கூட வந்த என் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். போர்ட்டோ வாசனை வருகிறது என்றேன். அவள் உன்னைப் பார்த்ததில்லை. ஆனால் நம் கதை அவளுக்குத் தெரியும். ஒரு தட்டு மீன் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, இதையெல்லாம் உன்னிடம் ஒருமுறை சொன்னால் தேவலை என்று.

சிதம்பரத்தில் கல்லூரி சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? சிவில் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஊர் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திட்டக்குடி பக்கம் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தேன். அது எங்கே இருக்கிறது என்று பின்னால் யாரோ கேட்டார்கள். நான் திரும்பவில்லை. நீதான் எனக்காகப் பதில் சொன்னாய். வெள்ளாறு அந்த வழியாகத்தான் எங்கள் பரங்கிப்பேட்டைக்கு வந்து கடலில் சேர்கிறது என்றாய். வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "நீ குளிச்ச தண்ணியிலதான் மச்சான் நான் நீச்சல் கத்துக்கிட்டேன்" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்த மச்சான்.

மதிப்பெண்ணில் ஒரு பருவம் நான் முதல், ஒரு பருவம் நீ முதல். மற்றபடி நமக்குள் எந்தப் பொருத்தமும் இல்லை. நீ பஸ் கண்டக்டரிலிருந்து முதல்வர் வரைக்கும் எல்லோரிடமும் பேசுவாய். எனக்கு விடுதி மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட நாக்கு எழாது. நீ உன் தட்டை நீட்டி வாங்கி என் தட்டில் ஊற்றுவாய். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவேன். பேசச் சொன்னால் அத்தனையும் தொண்டையில் நின்றுவிடும்.

மூன்றாம் ஆண்டில் அந்த அறிவிப்பு வந்தது. பல நாடுகளிலிருந்து நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்க வைத்து, பிறகு அங்கேயே ஒரு நிறுவனத்தில் சில மாதம் வேலை பழக வைக்கும் திட்டம். போக வரச் செலவு அவர்களுடையது. அறிவிப்புப் பலகையை நான் ஒருமுறை படித்துவிட்டு நகர்ந்தேன். நீ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தி இன்னொருமுறை படிக்க வைத்தாய். நேர்காணல் என்று கடைசி வரியில் இருந்ததைக் காட்டினேன். "அது கடைசியிலதான வருது? மொதல்ல மொத வரியப் பாரு" என்றாய்.

நேர்காணல் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. பெரிய திரையில் மூன்று பேர், மூவரும் வேறு வேறு நாட்டில். இந்தப் பக்கம் நம் இருவரையும் சேர்த்து நான்கு மாணவர்கள். ஆற்றங்கரை ஊர்களில் வருஷா வருஷம் வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறதே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. என் முறை வந்தது. 'எங்கள் ஆறு' என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதோடு சரி. திரையில் மூன்று முகங்களும் காத்திருந்தன.

அப்போது நீ என் பக்கம் திரும்பினாய். "மச்சான், உங்க ஊரு ஆத்தப் பத்தி எங்கிட்ட சொன்னல்ல, அதயே சொல்லு. தமிழ்லயே சொல்லு" என்றாய். பிறகு திரையைப் பார்த்து, இந்த விஷயம் எங்கள் நாலு பேரில் இவனுக்குத்தான் நன்றாகத் தெரியும், இவன் தமிழில் சொல்லட்டும், நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன், அனுமதிப்பீர்களா என்று கேட்டாய். நடுவில் இருந்த அம்மையார் தலையசைத்தார்.

சொன்னேன். ஆறு எங்கே திரும்புகிறது, எங்கே தண்ணீர் முட்டி நிற்கிறது, ஒரு கரையை மட்டும் உயர்த்தினால் எதிர்க்கரைக் குடிசைகளுக்கு என்ன ஆகும், தண்ணீர் வந்து தங்குவதற்கு ஏன் ஓர் இடம் விட்டுவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். நீ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாய். ஓர் இடத்தில் கரையை மாற்றிச் சொல்லிவிட்டாய். அது இல்லை, எதிர்க்கரை என்று நான் சடாரென்று ஆங்கிலத்தில் திருத்தினேன். திருத்திய வேகத்தில் அடுத்த வாக்கியமும் ஆங்கிலத்திலேயே வந்துவிட்டது, அதற்கு அடுத்ததும். திரையில் அந்த அம்மையார் சிரித்தார். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாயா என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எந்தக் கரை என்று நிஜமாகவே குழம்பிவிட்டது என்று கடைசி வரைக்கும் சாதித்தாய்.

உனக்குப் பேச மிச்சமிருந்த நேரம் கொஞ்சம்தான். வெளியே வந்ததும் எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது. உனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. பசிக்கிறது என்று சொல்லி என்னை மேலவீதிக்குப் பரோட்டா தின்ன இழுத்துக்கொண்டு போனாய். முடிவு வந்தபோது நம் இருவர் பெயரும் இருந்தன. போர்ச்சுகலில் போர்ட்டோ நகரம். போர்ட்டோவில் அந்த அம்மையாரை நேரில் பார்த்தபோது உன்னை ஏன் எடுத்தார்கள் என்று நானே கேட்டேன். தன் நேரத்தை நண்பனுக்குக் கொடுத்தவனை விட்டுவிட்டு வேறு யாரை எடுப்பது என்று திருப்பிக் கேட்டார்.

ஆனால் போவதற்கு முன்னால் என் அப்பா இருந்தார். ஊரிலேயே இருந்து அரசாங்கப் பரீட்சைக்குப் படி என்பது அவர் கட்சி. நான் இரண்டு தடவை ஊருக்குப் போய் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை நீயும் வந்தாய். சிதம்பரத்தில் ஏறி, விருத்தாசலத்தில் மாறி, நாம் போய்ச் சேர்ந்தபோது அப்பா களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நீ பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு இன்னொரு பலகையை எடுத்து, கேட்காமலேயே சோளத்தைத் துழாவ ஆரம்பித்தாய். 'மாமா, மாமா' என்று பேச்சும் ஆரம்பித்தது. பரீட்சையைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சோளத்தின் விலையைப் பற்றியும், ஆற்று மணலைப் பற்றியும், சவூதியில் இருக்கும் உன் வாப்பாவைப் பற்றியும் பேசினாய். வெயில் தணிந்த பிறகு அப்பாவே விஷயத்துக்கு வந்தார்.

"படிப்புல அவன் சோட போவ மாட்டான், எனக்குத் தெரியும். ஆனா பசிக்குதுன்னுகூட வாயத் தொறந்து சொல்ல மாட்டானேப்பா. அந்த ஊர்ல யாருகிட்ட போயி என்னான்னு கேப்பான்?"

"நான் கூட இருக்கேன் மாமா. அவன் வரலன்னா நானும் போவல."

அப்பா உன்னைப் பார்த்தார். பிறகு சோளத்தைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு, பையனுக்குச் சாப்பாடு போடு என்றார். கோழி அடிக்கட்டுமா என்று அம்மா கேட்க, முருங்கைக்கீரை போதும் அத்தை என்று சொல்லி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, ரெண்டு பேரும் ஒண்ணா போயி ஒண்ணா வந்து சேருங்க என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன், அப்பா ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் நிஜமாகவே போகாமல் இருந்திருப்பாயா என்று. "சும்மா சொன்னேன் மச்சான். தனியா போயி ஒன் பங்கயும் சேத்துத் தின்னுட்டு வந்திருப்பேன்" என்றாய். நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

போர்ட்டோவில் முதல் வகுப்பு. எத்தனை நாட்டுப் பிள்ளைகள்! ஒவ்வொருவரும் தன் ஊரைச் சொல்ல வேண்டும். நீ எழுந்து, என் ஊரின் பழைய பெயர் போர்ட்டோ நோவோ, உங்கள் மொழியில் புதுத் துறைமுகம் என்று அர்த்தம், உங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான், அப்படிப் பார்த்தால் இது எங்களுக்குப் பழைய ஊர், ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா என்று பார்க்க வந்தேன் என்றாய். வகுப்பே சிரித்தது. அடுத்த வகுப்புக்குப் பேராசிரியர் ஒரு பழைய கடல் வரைபடத்தைக் கொண்டுவந்து பரங்கிப்பேட்டையைத் தேடிக் காட்டினார். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுக்க உன் பெயர் 'நோவோ'.

படிப்பு முடிந்து வேலை பழகப் போன இடம் ஆற்றோரத்தில் ஒரு பழைய வீடு. அதைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆங்கிலத்தில் பேச்சே அரைகுறை, அந்த வேலையாட்களுக்கோ ஆங்கிலமும் தெரியாது. முதல் நாள் பயந்துகொண்டே நின்றேன். சாரத்தின் மேலிருந்து உன் குரல் வந்தது. "மச்சான், இங்கயும் மேஸ்திரிய மேஸ்திரின்னுதான் கூப்புடுறாங்க!" அவர்கள் வாயில் அது 'மெஸ்த்ரே'. நம் 'மேஸ்திரி' அங்கிருந்து வந்த சொல்தானாம். அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுக் காட்டித் தமிழில் சொல்வாய். ஜன்னல் என்றால், ஜனெலா என்று தலையாட்டுவார்கள். வராந்தா, மேசை, அலமாரி எல்லாம் தேறின. கொத்தனார் என்றாய். தொப்பை குலுங்கச் சிரித்து, அது எங்களுடையது இல்லை என்று கைவிரித்தார் மேஸ்திரி. அந்தப் பாஷையில் எனக்கு முன்னமே பாதி வார்த்தை தெரியும் என்பதுபோல ஒரு தைரியம் வந்தது.

ஒருநாள் உனக்குச் சளி பிடித்து அறையில் படுத்துவிட்டாய். நான் தனியாக வேலைக்குப் போனேன். மாடி அறை பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு மேஸ்திரியிடம் போய்க் கையைத் திருகிக் காட்டி, சாவி என்றேன். அதுவும் அங்கிருந்து வந்த சொல்தான். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். என்ன மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் வரைக்கும் பேசிக்கொண்டே வேலை பார்த்தோம். சாப்பாட்டு நேரத்தில் அறைக்கு ஓடிவந்து உன் போர்வையை இழுத்து அதைச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே எனக்கு இங்க வேல இல்ல, ஊருக்குக் கெளம்புறேன்" என்றாய். உன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் அந்தத் தெருக்களில் வாசலுக்கு வாசல் மத்தி சுடுவார்கள். வெறும் உப்பு போட்டால் மீன் கோபித்துக்கொள்ளும் என்று சொல்லி, உன் உம்மா கொடுத்தனுப்பிய மீன் மசாலாவை எதிர்வீட்டுப் பாட்டியம்மா அடுப்பிலேயே தடவிச் சுட்டாய். பாட்டியம்மா கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்கள். தெருவே அந்த அடுப்பைச் சுற்றி நின்றது. மசாலா டப்பா அன்றைக்கே காலி. போனில் உம்மா உன்னைத் திட்டியதையும் அந்தத் தெருவே நின்று கேட்டது.

ஒன்றாகவே திரும்பி வந்தோம். கடலூரில் ஒரே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், மழைநீர் வடிகால் வேலை. பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி நான் ஜாஸ்தி எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். திட்டக்குடியை விட்டு வெளியே வராத என் அப்பா அன்றைக்குப் பரங்கிப்பேட்டைக்கு வந்தார். உன் அடக்கத்தில் எல்லோரையும்போல ஒரு பிடி மண் போட்டார். உன் உம்மாவிடம், என் பையனோட இருப்பேன்னு ஒங்க புள்ள சொன்னான், சொன்ன மாதிரியே இருந்தாம்மா என்றார்.

இப்போது உனக்கொரு சேதி. உன் தங்கச்சி கட்டடக் கலை படிக்கிறாள், தெரியுமல்லவா? அதே திட்டத்தில் அவளும் தேர்வாகிவிட்டாள். நெதர்லாந்து. வாப்பா சவூதியிலிருந்து, உம்மா சொன்னால் சரி என்றுவிட்டார். உம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணே, நீங்க வந்து பேசுங்க என்று எனக்குப் போன் செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை போனேன். என்ன பேசுவதென்று வழியில் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

உம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். "ஒருத்தன்தான் இல்லன்னு ஆச்சு. இவளும் தூரமாப் போய்ட்டா இந்த வீட்ல எனக்கு யாருப்பா இருக்கா?"

"நான் வாரா வாரம் வரேன் உம்மா" என்றேன். "அவ திங்கறத நான் தின்னுடறேன். அவ பேசற பேச்சயும் நானே பேசிடறேன். அவ திரும்பி வர்ற வரைக்கும் ஒங்களுக்கு ஒரு கொறையும் தெரியாது. மீன் மசாலா மட்டும் அவகிட்ட கொஞ்சமா குடுத்தனுப்புங்க, ஒங்க புள்ள பண்ண மாதிரி தெருவுக்கே தடவிடப் போறா."

உம்மா சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். "நீ மொத மொத இந்த வீட்டுக்கு வந்தப்ப, தண்ணி வேணுமான்னா தலைய மட்டும் ஆட்டுவ. இப்ப அவனாட்டமே பேசற" என்றார்கள். உள்ளே நின்றிருந்த தங்கச்சியைப் பார்த்து, "போய்ட்டு வா, இன்ஷா அல்லாஹ்" என்றார்கள்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள். நான் சொன்னபடி வாரா வாரம் பரங்கிப்பேட்டைக்குப் போய்வருகிறேன். போனதும் பேச ஆரம்பித்தால் கிளம்பும் வரைக்கும் நிறுத்துவதில்லை. போன வாரம் உம்மா என் தட்டில் மீனை வைத்துவிட்டு, "காது வலிக்குதுப்பா, கொஞ்சம் வாய மூடிட்டுத் தின்னு" என்றார்கள். மச்சான், என்னைப் பார்த்து, என்னையே பார்த்து, ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டார்.